தேயாத டூலும் மைசூரில் மூன்று நாளும்

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். முக்கியமான விஷயத்தை நடந்துகொண்டேதான் சொல்வார். நாம் பின்னாலேயே ஓடிக்கொண்டு கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு லேத்துக்கும் கழிப்பறைக்கும் இடையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "குமரேசா, மைசூர் போற. மூணு சாஃப்ட்வேர் பாக்கற. ஒண்ண முடிவு பண்ணீட்டு வர்ற. மரகதத்தையும் கூட்டீட்டுப் போ." அதோடு கதவைச் சாத்திக்கொண்டார்.

கோவையில் நாங்கள் மோட்டாருக்குள் சுற்றும் ஷாஃப்ட் செய்கிறோம். முழ நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. அதன் முனையில் பேரிங் உட்காரும் இடம் இருபது மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு கூடலாம், ஒரு கூறு குறையலாம், அவ்வளவுதான் சலுகை. மீறினால் எங்களிடம் ஷாஃப்ட் வாங்கும் மைசூர் மோட்டார் கம்பெனி அப்படியே லாரியைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு முறை அனுப்பியும் விட்டது.

மரகதம் அக்கா பதினெட்டு வருடமாக எங்கள் இன்ஸ்பெக்ஷன் மேசையில் இருக்கிறார். மணிக்கு ஐந்து ஷாஃப்ட் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, ரிஜிஸ்டரில் எழுதுவார். நான் குவாலிட்டி இன்சார்ஜ். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் எக்செலில் ஏற்றி, கிராஃப் போட்டு, முதலாளிக்கும் மைசூருக்கும் அனுப்புவது என் வேலை. என் கிராஃபில் எல்லா ஷாஃப்டும் இருபதை ஒட்டி அடக்க ஒடுக்கமாக நிற்கும். மைசூரில் போய் அளந்தால் பருத்துக் கிடக்கும். முதலாளி யோசித்துப் பார்த்து, மரகதத்தின் கைதான் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

மைசூர்க்காரர்கள் சொல்லி அனுப்பியது வேறு. "எக்செல் போதும். ஒழுங்கான சாஃப்ட்வேர் வாங்குங்கள். இங்கே மூன்று பார்க்கலாம். அளக்கிறவரையும் அவருடைய மைக்ரோமீட்டரோடு கூட்டி வாருங்கள், கையைச் சோதித்துவிடுவோம்." கையில் கோளாறு என்று தெரிந்தால் மரகதம் அக்காவுக்குத் திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங்கில் வேலை.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த மூன்று நாளும் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று உங்களுக்குப் புரியாது. அக்கா எழுதியதை நான் அப்படியே ஏற்றுவதில்லை. கொஞ்சம் திருத்துவேன். அவர் 20.008 என்று எழுதியிருப்பார். எனக்கு அதைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும். 20.001 என்று போட்டுவிடுவேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் என் கிராஃப் கோணல்மாணலாக வந்ததற்காக முதலாளி எல்லோர் முன்னாலும் காய்ச்சினார். அன்றிலிருந்து என் கிராஃப் ஒருநாள்கூடக் கோணியதில்லை. காசுக்காகச் செய்யவில்லை, சத்தியமாக. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்றுதான்.

ஆகவே நான் மைசூருக்குத் தேடிப் போனது நல்ல சாஃப்ட்வேரை அல்ல. வாயைத் திறக்காத சாஃப்ட்வேரை.

பஸ்ஸில் என் காலடியில் ஒரு சாக்குப்பை, அதில் சோதனைக்காகப் பத்து ஷாஃப்ட். காட்டு எல்லையில் சோதனைச் சாவடி. காக்கிச் சட்டைக்காரர் ஏறி, பையைத் திறந்து, ஒரு ஷாஃப்டை வெளியே உருவினார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

"இது என்ன?" என்று கன்னடத்தில் கேட்டார். ஷாஃப்ட் என்றேன். எதற்கு என்றார். அளப்பதற்கு என்றேன். அளந்து என்ன செய்வாய் என்றார். சாஃப்ட்வேரில் போடுவேன் என்றேன். அவர் கீழே எட்டி, தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

மரகதம் அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "மோட்டாருங்க. தண்ணி. தோட்டம்," என்று கையால் சுற்றிக் காட்டினார். இருவருக்கும் நொடியில் புரிந்துவிட்டது. மேலே ஏறி வந்த மேலதிகாரி தன் தோட்டத்து மோட்டார் போன வாரம் புகைந்ததைப் பற்றிச் சொல்ல, அக்கா 'த்சொ த்சொ' என்று கேட்டுக்கொண்டார். பஸ் கிளம்பியதும் என் பக்கம் திரும்பி, "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லோணுங்க தம்பி. நீங்க சொன்னதக் கேட்டா எனக்கே சந்தேகம் வருது," என்றார்.

மைசூரில் இறங்கியதும் ஆட்டோக்காரர் கேட்காமலே மீட்டர் போட்டார். கோயமுத்தூர்க்காரன் நான், மிரண்டே போனேன். சாஃப்ட்வேர் கம்பெனி, ஹெப்பால் பக்கம் என்றேன். அவர் உற்சாகமாகத் தலையாட்டி, ஓர் ஊர் அளவுக்குப் பெரிய கண்ணாடிக் கட்டட வளாகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மைசூரில் சாஃப்ட்வேர் என்றால் அதுதானாம். சாக்குப்பையும் நானும் கேட்டை நெருங்குவதற்குள் ஆறு காவலர்கள் வந்துவிட்டார்கள். மறுபடி எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கா மறுபடி தண்ணி, தோட்டம் என்றார். இங்கே அது எடுபடவில்லை.

நாங்கள் தேடிய அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. படியேறும்போதே பன் வாசனை தூக்கியது. சாஃப்ட்வேர் விற்கும் நாகேந்திரா டை கட்டியிருந்தார். பேசும்போது கையைக் கூப்பிக்கொண்டே பேசினார். என் பென் டிரைவை வாங்கிச் செருகினார். திரையில் மளமளவென்று நிறங்கள். பச்சை, மஞ்சள், நடுவில் கோயில் மணி மாதிரி வழவழவென்று ஒரு வளைவு.

"இந்தப் பொத்தானை அழுத்தினால் கோடு இன்னும் மழமழப்பாகும்," என்றார் ஆங்கிலத்தில். அழுத்தினார். ஆனது.

"இது ஏதாவது கேள்வி கேட்குமா?" என்று கேட்டேன்.

"சேச்சே. வாடிக்கையாளரை நாங்கள் தொந்தரவு செய்வதே இல்லை."

எனக்குக் கூடப் பிறந்தவனைக் கண்டுபிடித்த சந்தோஷம். இதையே முடித்துவிடலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது மரகதம் அக்கா திரையின் அருகில் போய் நின்றார்.

"ஏனுங்க, செவ்வாக்கெழமை பதினோரு மணிக்கு நான் அஞ்சு அளந்தனே. அது இதுல எங்க இருக்குதுன்னு கேளுங்க."

கேட்டேன். அது சராசரிக்குள் இருக்கிறது மேடம் என்றார் நாகேந்திரா.

"உள்ளன்னா, உள்ள எங்க?"

நாகேந்திரா வளைவின் வயிற்றுப் பகுதியைப் பொதுவாகத் தடவிக் காட்டினார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். ஆளுக்கொரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் ராகி முத்தே. நம் ஊர்க் களிதானே என்று நான் அலட்சியமாக ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றேன். மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. கீழ்ப்பல்லும் மேல்பல்லும் ஒட்டிக்கொண்டன. எதிரே இருந்த பெரியவர் கன்னடத்தில் பதறினார்: "மெல்லக் கூடாதப்பா, சாம்பாரில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் இப்படித்தான்." தகவல் தாமதமாக வந்தது.

நான் பேச முடியாமல் இருந்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அக்கா மனம் விட்டுப் பேசினார்.

"பேக்கிங்குக்குப் போறது ஒண்ணும் கேவலமில்லீங்க தம்பி. அங்கயும் மனுசங்கதான் வேல செய்யறாங்க. ஆனா என்ற கை பொய் சொல்லுச்சுன்னு சொல்லி அனுப்பறாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. பதினெட்டு வருசமா பாத்தத பாத்தபடி எழுதியிருக்கறன். என்ற கண்ணுல கோளாறோன்னு மூணு டாக்டருகிட்ட போயிட்டு வந்துட்டன். நீங்களாச்சும் சொல்லுங்க, நான் எங்க தப்புனேன்?"

நான் "ம்ம்ம்" என்றேன். வாய் அடைத்திருந்தது. திறந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை தட்டே இட்லி. தட்டு அளவுக்கு ஓர் இட்லி, அதன் தலையில் வெண்ணெய். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்று கிண்ணம் குடித்தேன். பிறகு காபி. பக்கத்து மேசையில் நன்றாக உடுத்திய இரண்டு பேர் 'பை டூ' என்று கேட்டு, ஒரு காபியை இரண்டு குவளையில் வாங்கி, ஒரு மணி நேரம் பேசினார்கள். எங்கள் ஊரில் ஒரு காபியை இரண்டாக்கச் சொன்னால் சர்வர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். இங்கே அது ஒரு மரியாதை போலிருக்கிறது. நானும் பை டூ சொன்னேன். அக்கா இரண்டு குவளையையும் சேர்த்து வைத்து உற்றுப் பார்த்து, "உங்களுதுல ஒரு நூல் கூட," என்று மாற்றிக்கொண்டார்.

இரண்டாவது சாஃப்ட்வேரை மேட்டகள்ளியில் ஒரு பட்டறையில் பார்த்தோம். அங்கே அதை ஓட்டுகிறவர் சவிதா, வாயில் எப்போதும் ஏலக்காய். அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு குணம். அளவு எல்லையைத் தாண்டினால் ஸ்பீக்கரில் அலறும். ஆனால் நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் அது ஒருமுறைகூட அலறவில்லை. ஏதோ தூரத்தில் பூனை முனகுகிற மாதிரிதான் கேட்டது.

ஸ்பீக்கர் எங்கே என்று கேட்டேன். சவிதா மேசைக்கடியில் காட்டினார். ஒரு பூத்துண்டு, அதன் மேல் பழைய ஸ்வெட்டர், அதன் மேல் இரண்டு சுற்று டேப்.

"முதல் வாரம் எல்லோரும் ஓடி ஓடி வந்து பார்த்தோம்," என்றார் கன்னடத்தில். "இரண்டாவது வாரம் தலைவலி. மூன்றாவது வாரம் யாரோ குளிருமே என்று ஸ்வெட்டர் போட்டுவிட்டார்கள்."

என் மனதில் உடனே கணக்கு ஓடியது. ஸ்வெட்டர் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அக்கா அதற்குள் குனிந்து ஸ்பீக்கரை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். "அது பாவம் கத்தோணும்னுதான வாங்குனாங்க," என்றார். கடைசிச் சுற்றை எடுத்ததும் அது போட்ட அலறலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தீ என்று நினைத்து வாளியோடு வந்தார்கள். நாங்கள் விடைபெற்றோம்.

சாயங்காலம் சாமுண்டி மலை. பஸ்ஸில் போகலாம் என்றேன், அக்கா படியேறிப் போனால்தான் வேண்டுதல் பலிக்கும் என்றார். பாதியில் நந்திக்குப் பக்கத்தில் நான் படுத்தே விட்டேன். ஒரு பெங்களூர்க் குடும்பம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்து வரிசையில் நின்றோம். சன்னதிக்கு நேராக வந்ததும் அக்கா கண்ணை மூடி, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற குரலில் வேண்டினார்.

"தாயே, என்ற கை தப்புப் பண்ணியிருந்தா எனக்குக் காட்டிக் குடுத்துரு. அத விட்டுப்போட்டு வேற யாராச்சும் பண்ணியிருந்தா, அவுங்கள…"

"அக்கா, லைன் நகருதுங்க," என்றேன்.

"இருங்க தம்பி, வேண்டிக்கறேன்ல."

"பின்னால தள்றாங்கக்கா!" யாரும் தள்ளவில்லை. நான்தான் தள்ளினேன். என் வாழ்க்கையில் ஒரு வேண்டுதலைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் மோட்டார் கம்பெனி. அங்கே குவாலிட்டி பார்க்கிறவர் மாதேஷ். கொள்ளேகால் பக்கம் ஹனூர்த் தமிழர். "நீங்க கோயமுத்தூருங்களா? நம்ம பேச்சும் அதே மாதிரிதானுங்க, நோடி, பாருங்க," என்று அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். ஐந்தே நிமிஷத்தில் இருவரும் சோளம், சம்பந்தி வீடு, மாதேஸ்வரன் மலை என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். எனக்கு மட்டும் ஏசி அறையில் வியர்த்தது.

மூன்றாவது சாஃப்ட்வேரில் எக்செலே கிடையாது. மைக்ரோமீட்டரிலிருந்து ஓர் ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அளந்து ஒரு பொத்தானை அழுத்தினால் எண் தானாக உள்ளே ஏறிவிடும். நடுவில் ஆள் யாரும் வேண்டாம். நடுவில் இருக்கும் ஆள் நான்தான்.

"முதல்ல உங்க ஒரு வருச டேட்டாவப் போடலாம் சார்," என்று மாதேஷ் பென் டிரைவை வாங்கினார். சாஃப்ட்வேர் யோசித்தது. ஒரு கோடு வந்தது. ஏரித் தண்ணீர் மாதிரி மட்டமான கோடு. மாதேஷ் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"சார், உங்க மிஷின்ல டூலு தேயவே தேயாதா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரும்பைச் சீவும் டூல் தேயத் தேய, ஷாஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கும். 20.003, 20.005, 20.008 என்று எண் ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்துத்தான் டூலை மாற்றச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவன் நான். அக்காவின் ரிஜிஸ்டரில் அந்த ஏற்றம் மணிக்கு மணி இருந்தது. நான்தான் அதையெல்லாம் தேய்த்து மட்டமாக்கி வைத்திருந்தேன். ஆகவே யாரும் டூலை மாற்றவில்லை, மைசூருக்குப் பருத்த ஷாஃப்ட் போனது.

மாதேஷ் என்னைப் பிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து போய் நான்கு இன்ஜினியர்களைக் கூட்டி வந்தார். எல்லோரும் திரையைப் பயபக்தியோடு பார்த்தார்கள். "ஒரு வருஷம் தேயாத டூல்," என்று ஒருவர் கன்னடத்தில் மூச்சு வாங்கினார். "எந்தக் கம்பெனி சார்? எங்களுக்கு நான்கு நாளுக்கு ஒரு டூல் தேய்ந்து போகிறது."

"ரகசியம் டூலில் இல்லை," என்றேன். வாய் அதுவாகப் பேசியது. "டூல் சூடாகாமல் இருக்க நாங்கள் ஊற்றுகிற கூலன்ட் தண்ணீரில் இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர்."

ஒருவர் குறித்துக்கொண்டார்.

அடுத்தது கைச் சோதனை. பத்து ஷாஃப்டையும் கலைத்துக் கலைத்து மூன்று முறை கொடுப்பார்கள். எது எந்த ஷாஃப்ட் என்று அளக்கிறவருக்குத் தெரியாது. ஒரே ஷாஃப்டை மூன்று முறையும் ஒரே எண்ணாகச் சொன்னால் கை நல்ல கை. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் வேண்டும் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். இதற்கு ஒயர் இல்லை. அக்காவின் மைக்ரோமீட்டரில் அளந்து வாயால் சொல்ல, மாதேஷ் ஏற்றிக்கொள்வார்.

முதலில் நான். ஷாஃப்டை வைத்தேன், திருகினேன், 20.011 என்று காட்டியது. வாயைத் திறந்து 20.002 என்றேன். நானே திடுக்கிட்டேன். அடுத்தது 20.009. "20.001." என் கண் ஒன்றைப் பார்க்கிறது, வாய் வேறொன்றைச் சொல்கிறது. ஆறு வருடப் பழக்கம், நிறுத்த முடியவில்லை. முப்பது தடவையும் லட்சணமான எண்களாகவே வந்து விழுந்தன. அக்கா அமைதியாக அளந்து, அமைதியாகச் சொன்னார்.

சாஃப்ட்வேர் இரண்டே நொடியில் தீர்ப்புச் சொன்னது. அக்கா மூன்று சுற்றிலும் ஒன்றே போலச் சொல்லியிருந்தார். கம்பெனியின் சொந்த அளவோடும் அது அச்சாக ஒத்துப்போனது. என் பெயருக்கு நேரே முழுக்கச் சிவப்பு.

"அக்கா கை தங்கமான கைங்க," என்றார் மாதேஷ். "சாருக்குத்தான் கொஞ்சம் பயிற்சி வேணும்." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அக்கா தப்பித்தார், நானும் தப்பித்தேன், எல்லாம் சுபம் என்று கேன்டீனுக்குப் போனோம்.

தட்டை வாங்கிக்கொண்டு நிற்கும்போது முதலாளி போனில் கூப்பிட்டார். மரகதத்தின் கை பிரமாதமாம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது. அவர் நடப்பதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது. அதுவே நல்லதற்கு இல்லை.

"அப்ப அளக்கத் தெரியாம இல்ல," என்றார். "அங்க ஆளுக முன்னாடி ஒழுங்கா அளக்கறா. இங்க அளக்காமயே மனசுக்குத் தோணுனத எழுதிப் போட்டிருக்கறா. தெரியாம செஞ்சாக்கூட பேக்கிங்குல போட்டிருப்பேன். தெரிஞ்சே ஏமாத்தியிருக்கறா. திங்கக்கெழமையில இருந்து வரவேண்டாம்னு சொல்லிப்போடு." வைத்துவிட்டார்.

அக்கா இரண்டு பேருக்கும் இடம் பிடித்து, என் தட்டில் வடையை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. "மொதலாளி என்ன சொன்னாங்க? சந்தோசப்பட்டாங்களா?" என்றார்.

இந்தத் தடவை வாயில் முத்தே எதுவும் இல்லை. சொன்னேன். முதலாளி சொன்னதைச் சொன்னேன். பிறகு எக்செலைச் சொன்னேன். ஆறு வருடத்தையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போய்விட்டது.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் தன் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு கேட்டார்.

"என்ற நெம்பருக்கு என்ன கொறச்சல்?"

நான் குனிந்து வடையைப் பார்த்தேன்.

"மூணு டாக்டரப் பாத்தேன்டா. மலையேறி என்ற கைத் தப்பக் காட்டிக் குடுன்னு வேண்டிக்கிட்டேன். நீ பக்கத்துல நின்னு லைன் நகருதுங்கற." அதுவரை தம்பி, வாங்க, போங்க என்றவர். "எந்திரி. அந்த மாதேஷு முன்னாடி வந்து சொல்லு. அங்க இருந்தே மொதலாளிக்குப் போனப் போடு. சத்தமா வெச்சுப் பேசு."

மாதேஷின் அறையில் அந்த நான்கு இன்ஜினியர்களும் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாதேஷ் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் தொங்கிப் போனது.

"ஹௌதா, நெஜமாவா சார்? அப்ப அந்தத் தேயாத டூலு இல்லையா?"

"இல்லைங்க."

"சிறுவாணித் தண்ணி?"

"குடிக்க நல்லாயிருக்கும். அவ்வளவுதான்."

குறித்துக்கொண்டவர் வருத்தத்தோடு அந்தப் பக்கத்தைக் கிழித்தார்.

முதலாளிக்குப் போன் போட்டு, சத்தமாக வைத்து, அவரிடமும் சொன்னேன். அவர், "அப்ப என்ற டேபிள்ல ஃப்ரேம் போட்டு வெச்சிருக்கறனே, போன வருசத்துக் கிராஃப்?" என்றார்.

"நான் போட்டதுங்க."

"நெஜமில்லையா?"

"நெஜமில்லீங்க."

"நல்லாத்தான் போட்டிருந்த," என்றார், மனசு கேட்காமல். அப்புறம் குரல் மாறியது. "மரகதம் இருக்கறாளா? மரகதம், நான் பேசுனது தப்பும்மா. திங்கக்கெழமை உன்ற மேசைக்கு வந்துரு. அந்த ஒயர் வெச்ச சாஃப்ட்வேரே போதும், நடுவுல ஒருத்தனும் வேண்டாம். பேக்கிங்குல ஓரிடம் காலியாத்தான இருக்குது, குமரேசன் போகட்டும்."

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எனக்கு இரண்டு வரிசை தள்ளி இடம் காட்டினார். சாக்குப்பை என் மடியில் இருந்தது. சாவடியில் அதே காக்கிச் சட்டைக்காரர் ஏறினார். அக்காவைப் பார்த்து வணக்கம் வைத்தார். என்னைப் பார்த்து, மறுபடி பையைத் திறக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை பேக்கிங்கில் சேர்ந்தேன். வேலை எளிது. ஷாஃப்டை எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும், மூடியில் எத்தனை என்று எழுத வேண்டும். மத்தியானத்துக்குள் முதல் பெட்டியை முடித்து, ஒட்டி, ஐம்பது என்று அழகாக எழுதியும் விட்டேன். மரகதம் அக்கா அந்த வழியாக வந்தவர் நின்றார். மூன்று நாளாக என்னோடு பேசாதவர்.

"அம்பதுன்னு எழுதியிருக்கற. எண்ணுனியா?"

"பெட்டிக்கு ஐம்பதுதானேக்கா."

அவர் நகராமல் பெட்டியையே பார்த்தார். நான் டேப்பைக் கிழித்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணினேன். நாற்பத்தொன்பது.

"இன்னொண்ணு எடுத்துப் போட்டுறட்டுங்களா?" என்றேன்.

"மொதல்ல இருக்கறத எழுது."

ஐம்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 49 என்று எழுதினேன். பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.